பூட்டிய குடோன், நகராத ஃபைல்

2020 ஆகஸ்ட் 4, செவ்வாய்க்கிழமை மாலை. பெய்ரூட் துறைமுகத்தின் 12ஆம் எண் கிடங்கு வெடித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 9, சென்னை மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் திறந்தது. பத்து கன்டெய்னர்கள் ஹைதராபாத்துக்குக் கிளம்பின. பெய்ரூட்டில் வெடித்ததும் மணலியிலிருந்து கிளம்பியதும் ஒரே சரக்குதான்: அம்மோனியம் நைட்ரேட்.

மணலியில் இருந்தது மொத்தம் 37 கன்டெய்னர், ஏறக்குறைய 700 டன். கரூர் நிறுவனம் ஒன்று தென்கொரியாவிலிருந்து வரவழைத்தது. பேப்பரில் உர ரகம் என்று இருந்தது. இல்லை, வெடிமருந்து ரகம், அதற்கான உரிமமும் இல்லை என்று சொல்லி 2015ல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அந்த வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் சில டன் சரக்கு கெட்டுப்போனது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. கன்டெய்னர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஹைகோர்ட் வழக்கு 2019 நவம்பரில் முடிந்தது, ஏலமும் விடப்பட்டது. நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். அருகில் குடியிருப்பு இல்லை, பத்திரமாக இருக்கிறது என்று சுங்கத்துறை அறிக்கை விட்டது. ஆனால் ஐந்து வருஷம் கிடந்த சரக்கு ஐந்து நாளில் வண்டி ஏறியதற்கு ஏலம் மட்டும் காரணம் என்றால் சின்னக் குழந்தைகூட நம்பாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊர் சிதறிய பிறகுதான் நம்மூரில் பூட்டுக்குச் சாவி தேடினார்கள்.

மணலி எங்கே, நம் பூந்தமல்லி எங்கே என்று கேட்பவர்கள், நசரத்பேட்டை பக்கம் வெளிவட்டச் சாலை டிரங்க் ரோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு ராத்திரி நின்று பார்க்கலாம். மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் சாலை அது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிற டிரெய்லர்கள் நெமிலிச்சேரி தாண்டி இப்படித்தான் இறங்குகின்றன. பெரும்பாலானவற்றில் கார் உதிரிபாகமோ டிவி பேனலோ இருக்கும். எப்போதாவது ஒன்றின் பக்கவாட்டில் சாய்சதுர வடிவில் ஒரு ஸ்டிக்கர் கண்ணில் படும். மஞ்சள் நிறத்தில், வட்டத்தின் மேல் தீ எரிவது போலப் படமும் கீழே 5.1 என்ற எண்ணும் இருந்தால் அது ஆக்சிஜனைக் கொடுத்துத் தீயை வளர்க்கும் ரகம். அம்மோனியம் நைட்ரேட் அந்த வகையில் வரும். ஆரஞ்சு நிறத்தில் 1 என்று இருந்தால் வெடிபொருளேதான். இதைப் படிக்கத் தெரிந்துகொள்ள ரசாயனப் பட்டம் தேவையில்லை. ஆனால் நம் ரோட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வெடிகுண்டு என்ற சொல் பூந்தமல்லிக்குப் புதிதல்ல. ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்தது இங்கே இருந்த தடா கோர்ட்டில்தான். வெடிகுண்டு வழக்குகளுக்கான தனி நீதிமன்றமும் என்ஐஏ வழக்குகளும் இன்றைக்கும் ஊரின் பெயரைப் பேப்பரில் வர வைக்கின்றன. கோர்ட்டுக்கு வருவது வெடித்த குண்டு, வைத்த ஆள், கொடுத்த கை. குடோனில் கிடக்கும் குண்டுக்கு எதிரி கிடையாது, சாட்சி கிடையாது. ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர் மட்டும் உண்டு. அதைத் திறந்து பார்க்காமல் இருப்பதில் பலருக்கு லாபம் உண்டு. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

ஒரு ஓட்டைக் கப்பல்

பெய்ரூட் கிடங்குக்குப் போன 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட், ஜார்ஜியா நாட்டின் ருஸ்தாவி ஆலையில் தயாரானது. பாத்துமி துறைமுகத்தில் ஏறியது. கப்பலின் பெயர் ரோசஸ். கொடி மால்டோவாவுடையது. கப்பலை நடத்தியவர் சைப்ரஸில் குடியிருந்த ரஷ்யர். போக வேண்டிய இடம் மொசாம்பிக். ஜார்ஜியா, மால்டோவா, ரஷ்யா என்று பேப்பரில் உள்ள மூன்று நாடுகளும் ஒரு காலத்தில் சோவியத் யூனியனின் பகுதிகள்.

2013 நவம்பரில் பெய்ரூட் வந்த கப்பலை, கடலில் போக லாயக்கில்லை என்று அதிகாரிகள் நிறுத்திவைத்தார்கள். உரிமையாளர் கைகழுவினார். மாலுமிகள் சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் கப்பலிலேயே கிடந்தார்கள். சரக்கை 2014ல் 12ஆம் கிடங்கில் இறக்கினார்கள். ஏற்றுமதி செய்யலாமா, ராணுவத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டு சுங்க அதிகாரிகள் 2014 முதல் 2017 வரை நீதிபதிகளுக்கு ஆறு முறை கடிதம் எழுதினார்கள். கப்பல் 2018ல் துறைமுகத்திலேயே மூழ்கியது. 2020ல் கிடங்கு போனது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். தங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாத பெரிய மனிதர்களின் பட்டியல் பிரதமர் அலுவலகம் வரை நீண்டது. விசாரணை நீதிபதி தாரிக் பிதாரை வேலை செய்ய விடாமல் அவர்கள் போட்ட வழக்குகளே பல மாதம் விசாரணையை முடக்கிப்போட்டன.

சோவியத் விட்டுப்போன சீதனம்

1991ல் சோவியத் யூனியன் உடைந்தபோது உக்ரைனுக்குக் கிடைத்தது சுதந்திரம் மட்டுமல்ல. கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரியிலிருந்து திரும்பிய சோவியத் படைகள் இறக்கிவைத்த குண்டுகள் மலைமலையாகக் கிடந்தன. கிடங்கு போதாமல் வெட்டவெளியில் மரப்பெட்டிகளாக அடுக்கினார்கள். மேலே தார்ப்பாய், சுற்றிலும் புல்.

பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் மருந்து நைட்ரோசெல்லுலோஸ். இதில் கெட்டுப்போகாமல் காக்கும் ஒரு சேர்மானம் கலந்திருக்கும். வருஷம் போகப்போக அது தீர்ந்துவிடும். அதன் பிறகு மருந்து, வெயிலில் வைத்த எண்ணெய் காறிப்போவது போல உள்ளுக்குள்ளேயே சிதைந்து சூடு விடும். எனவே மாதிரி எடுத்துச் சோதனை செய்ய வேண்டும், காலாவதியானதைப் பிரித்து அழிக்க வேண்டும். சோதனைக்கும் அழிப்பதற்கும் பணம் செலவாகும். விற்றால் பணம் வரும். சம்பளம் வராத ராணுவத்தில், 90களில், கமாண்டர்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்?

1992க்கும் 1998க்கும் இடையில் உக்ரைனில் 3,200 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் ராணுவச் சொத்துகளும் திருடுபோயின என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு ஒன்று கண்டதாக அன்றிலிருந்து திரும்பத் திரும்ப எழுதப்பட்டுவருகிறது. விசாரணை முடிவுக்கு வரவில்லை, மூடப்பட்டது.

அப்புறம் வெடிக்க ஆரம்பித்தது. 2003 அக்டோபரில் ஆர்தெமிவ்ஸ்க் (இன்று எல்லோரும் பாக்முத் என்று அறிந்த ஊர்தான்). 2004 மே மாதம் நோவோபோக்தனிவ்கா. 2008ல் லொசோவா. 2015ல் ஸ்வாதோவே. 2017 மார்ச்சில் பலக்லியா, அதே வருஷம் செப்டம்பரில் கலினிவ்கா. 30,000 பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். 2018ல் இச்னியா. சிகரெட் என்றார்கள், ஷார்ட் சர்க்யூட் என்றார்கள், 2014க்குப் பிறகு ரஷ்ய டிரோன் என்றார்கள். ரஷ்ய நாசவேலை கற்பனையும் அல்ல: செக் நாட்டின் விர்பேதிட்ஸே கிடங்கு 2014ல் வெடித்ததற்கு ரஷ்ய உளவுத்துறையே காரணம் என்று 2021ல் அந்நாட்டு அரசு பகிரங்கமாகக் குற்றம்சாட்டியது. ஆனாலும் ஒவ்வொரு முறை புகை அடங்கியதும் உக்ரைன் மக்கள் கேட்ட முதல் கேள்வி ஒன்றே: உள்ளே எவ்வளவு இருந்தது, உண்மையில் எவ்வளவு மிச்சம் இருந்தது? சாம்பலில் ஸ்டாக் எடுக்க முடியாது.

கஜகஸ்தான் கதையை அதிகாரிகளுக்குப் பாடமாகவே வைக்கலாம். 2019 ஜூன் 24 அன்று ஆரிஸ் நகரில் கிடங்கு வெடித்து 40,000 பேருக்கு மேல் ஓடினார்கள். மிச்ச வெடிபொருளை அங்கிருந்து தராஸ் நகருக்கு அருகே வேறொரு கிடங்குக்கு மாற்றினார்கள். 2021 ஆகஸ்ட் 26 அன்று அந்தக் கிடங்கு வெடித்தது. தீயணைக்கப் போனவர்களும் ராணுவத்தினருமாக 17 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் ராஜினாமா செய்தார். துர்க்மெனிஸ்தானில் 2011 ஜூலை 7 அன்று அபதான் நகரமே குலுங்கியபோது, பட்டாசு வெடித்தது என்றது அரசு. 15 பேர் இறந்ததை ஒப்புக்கொள்ளச் சில நாள் ஆனது; எதிர்ப்பாளர்கள் சொல்லும் எண்ணிக்கை அதைப் போல் பல மடங்கு.

வங்கதேசம் போகாத கப்பல்

உக்ரைன் சரக்கு எங்கே போனது என்பதற்கு விடை தேடி நாம் ஆப்பிரிக்கா போக வேண்டாம். 1994ல் உக்ரைனின் மைகோலைவ் துறைமுகத்தில் ஸ்வானி என்ற கப்பலில் 60 டன் வெடிமருந்து ஏறியது. ருபிஷ்னே ரசாயன ஆலையின் சரக்கு: 50 டன் டிஎன்டி, 10 டன் ஆர்டிஎக்ஸ். வாங்குவது வங்கதேசப் பாதுகாப்புத் துறை என்று கூடவே ஒரு சான்றிதழ் இருந்தது. ஆயுத வியாபாரத்தில் அதற்கு இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் என்று பெயர். அது போலி. சரக்கு இறங்கியது வன்னிக் கரையில். புலிகளின் ஆயுதக் கொள்முதலைத் தொடர்ந்து எழுதிவந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதை ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். 1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் மோதி 91 பேரைக் கொன்ற லாரியில் இருந்ததும் இந்தச் சரக்கின் ஒரு பகுதி என்பதே அவர்கள் கணிப்பு. ஈழப் போரை நாம் ஆயிரம் கோணத்தில் பேசியிருக்கிறோம். உக்ரைன் ஆலையில் ஒரு மேனேஜர் அந்தப் பேப்பரைச் சரிபார்க்க ஒரு போன் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசியதில்லை.

எதிர்த்தரப்பும் அதே சந்தைக்குத்தான் போனது. 2006ல் இலங்கை அரசு உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்கள் வாங்கியது. 1980களின் தொடக்கத்தில் செய்தவை. 2000ல் இதே விமானங்களைப் பழசு என்று இலங்கை விமானப்படை ஒதுக்கியது. இப்போது கூடுதல் விலை. நடுவில் பெலிமிசா ஹோல்டிங்ஸ் என்று விலாசம் தேட வேண்டிய ஒரு கம்பெனி. இதை 2007ல் எழுதியவர்களில் ஒருவர் சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க. 2009 ஜனவரி 8 காலை வேலைக்குப் போகும் வழியில் அவரைக் கொன்றார்கள். மிக் பேரத்தை எழுதியதுதான் காரணம் என்பது அவர் மகளின் குற்றச்சாட்டு. அப்போது பாதுகாப்புச் செயலராக இருந்த கோத்தபய ராஜபக்ச மறுத்தார். ரஷ்யாவுக்கான இலங்கைத் தூதராக இருந்த, ராஜபக்ச உறவினர் உதயங்க வீரதுங்க மிக் பேர வழக்கில் 2020ல் துபாயிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கைதானார்.

வெடித்த கிடங்கும் அங்கே உண்டு. 2016 ஜூன் 5 மாலை, கொழும்பிலிருந்து அவிசாவளை போகும் வழியில் கொஸ்கமவுக்கு அருகே சாலாவ முகாமின் ஆயுதக் கிடங்கு பற்றியது. சுற்றுவட்டாரத்தில் ஆறு கிலோமீட்டருக்கு ஊரைக் காலி செய்தார்கள். இறந்தது ஒரு சிப்பாய். இடிந்தது நூற்றுக்கணக்கான வீடு. போர் முடிந்து ஏழு வருஷம் கழித்தும் அவ்வளவு குண்டை ஜனங்கள் வசிக்கும் இடத்தில் ஏன் வைத்திருந்தீர்கள் என்று சிங்களக் கிராமத்தினர் கேட்டார்கள். நல்ல கேள்வி.

பித்தளைக்காக

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி எப்போதும் ஒரு கூலித் தொழிலாளி. அல்பேனியா சோவியத்தில் இருந்த நாடல்ல. ஆனால் கம்யூனிச ஆட்சி விட்டுப்போன குண்டுமலை அங்கேயும் உண்டு. தலைநகர் திரானாவுக்குப் பக்கத்தில் ஜெர்தெட்ஸ் என்ற கிராமம். பழைய பீரங்கிக் குண்டுகளைப் பிரிக்கும் காண்டிராக்ட் ஒரு தனியாருக்கு. பிரிப்பது என்றால் இயந்திரம் ஏதோ இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஊர்ப் பெண்களும் படிப்பை விட்ட பையன்களும் குண்டின் தலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் மருந்தைக் கொட்டிக் குவித்து, பித்தளைக் கூட்டைத் தனியே போட வேண்டும். முதலாளிக்கு வேண்டியது பித்தளை. நல்ல விலை போகும். 2008 மார்ச் 15, சனிக்கிழமை நண்பகல், குவிந்த மருந்து பிடித்துக்கொண்டது. 26 பேர் செத்தார்கள். ஒருவன் 7 வயதுச் சிறுவன்.

அதே அல்பேனியக் கிடங்குகளில் இருந்த பல பத்தாண்டு பழைய சீனத் தோட்டாக்களை, சீனப் பெட்டியிலிருந்து எடுத்து அட்டைப் பெட்டிக்கு மாற்றி ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பியது ஏஇஒய் என்ற அமெரிக்கக் கம்பெனி. அதன் முதலாளி எஃப்ராயிம் டிவெரோலிக்கு அப்போது 21, 22 வயது. அமெரிக்க ராணுவம் கொடுத்த ஆர்டர் கிட்டத்தட்ட 30 கோடி டாலர். பெட்டி மாற்றும் வேலையை எடுத்து, பின்னர் பேரத்தை அம்பலப்படுத்திய அல்பேனியத் தொழிலதிபர் கோஸ்தா த்ரெபிட்ஸ்கா 2008 செப்டம்பரில் ஒரு கிராமச் சாலையில் இறந்துகிடந்தார். விபத்து என்று முடித்தார்கள். டிவெரோலி சிறைக்குப் போனார், அவரை வைத்து ஹாலிவுட் படமும் வந்தது. ஜெர்தெட்ஸ் பெண்களை வைத்து ஹாலிவுட் படம் எடுக்கவில்லை.

நம்ம வீட்டுக் கணக்கு

உக்ரைன் மாதிரி நம் ராணுவக் கிடங்கில் குண்டு திருடி விற்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. நம் நோய் வேறு: அலட்சியமும் கொள்முதல் லஞ்சமும். ராஜஸ்தானின் பரத்பூர் கிடங்கு 2000 ஏப்ரல் 28 அன்று எரிந்தது. சுமார் 393 கோடி ரூபாய்ச் சரக்கு சாம்பல். தீ பரவியது காய்ந்த புல்லில். செலவு மிச்சம் என்று இரண்டு வருஷமாகப் புல் வெட்டவில்லை. புல்லறுக்கும் கூலியை மிச்சம் பிடித்த அந்த அதிகாரிக்கு அப்போது யாராவது பாராட்டுக் கடிதம் கொடுத்திருப்பார்களோ என்னவோ.

மகாராஷ்டிரத்தின் புல்காவ் நாட்டிலேயே பெரிய வெடிபொருள் கிடங்கு. 2016 மே 31 நள்ளிரவுக்குப் பின் அங்கே ஒரு ஷெட் வெடித்தது. இரண்டு அதிகாரிகள் உட்பட 16 பேருக்கு மேல் பலி. பெரும்பாலானோர் தீயை அணைக்க ஓடியவர்கள். டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகளிலிருந்து டிஎன்டி கசிந்துகொண்டிருந்தது ஏற்கெனவே தெரிந்த விஷயம். 2018 நவம்பர் 20 அன்று அதே புல்காவில் காலாவதியான குண்டுகளை அழிக்கும்போது ஆறு பேர் செத்தார்கள்; அவர்களில் பக்கத்துக் கிராமத்துக் கூலிகளும் உண்டு. ஜெர்தெட்ஸ் அவ்வளவு தூரமில்லை.

கொள்முதல் பக்கம் பார்த்தால், ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டின் தலைவராக இருந்தவரையே லஞ்ச வழக்கில் 2009ல் சிபிஐ கைது செய்தது. அதன் தொடர்ச்சியாக 2012ல் ஆறு நிறுவனங்களைப் பத்து வருஷத்துக்குத் தடைசெய்தார்கள். சிங்கப்பூர், இஸ்ரேல், சுவிஸ் கம்பெனிகளோடு ரஷ்யக் கம்பெனி ஒன்றும் பட்டியலில் இருந்தது. தடை சரிதான். மாற்று ஏற்பாடு செய்யாததன் விலையைப் போர்முனை கொடுத்தது. 2015ல் வந்த தணிக்கைத் துறை அறிக்கை, வெடிபொருள் வகைகளில் பாதி பத்து நாள் சண்டைக்குக்கூடக் காணாது என்றது. 2014 தொடங்கி ஆறு வருஷத்தில் தரமற்ற குண்டுகளால் 400க்கு மேற்பட்ட விபத்து, 27 வீரர்கள் மரணம் என்று ராணுவத்தின் உள்அறிக்கை சொன்னதாக 2020ல் செய்தி வந்தது. போர்டு அந்தக் கணக்கை ஏற்கவில்லை.

இதையெல்லாம் ஆவடிக்காரர்கள் செய்தியாக மட்டும் படிக்க முடியாது. டி-72, டி-90 என்று ரஷ்ய வடிவமைப்பு டாங்கிகளைக் கட்டிய கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே. 2021 அக்டோபர் 1 அன்று ஃபேக்டரி போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, டாங்கி செய்யும் கம்பெனிக்குத் தலைமையகம் ஆவடி. பிரிக்காதே என்று தொழிற்சங்கங்கள் போராடின. கம்பெனி ஆனால் ஊழல் குறையும் என்றது அரசு. குறைந்ததா என்று கேட்டுச் சொல்ல இன்னும் ஒரு தணிக்கை அறிக்கை வேண்டும்.

அம்பத்தூருக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 2006 செப்டம்பரில் ஆந்திர போலீஸ் நூற்றுக்கணக்கான ராக்கெட்டுகளையும் லாஞ்சர்களையும் பிடித்தது. மாவோயிஸ்டுகளுக்காக அவற்றின் பாகங்களைக் கடைந்தது அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்னப் பட்டறைகள் என்று தெரிந்தது. டிராயிங் வந்தது, ஜாப் ஒர்க் முடிந்தது, லாரி ஆபீஸில் புக் ஆகிப் போனது. லேத்தில் நின்ற பையனுக்கு அது ஏதோ மெஷின் பார்ட். ருபிஷ்னே ஆலையும் அம்பத்தூர் பட்டறையும் ஒன்றாகிவிடாது. இரண்டு இடத்திலும் பேப்பரை மட்டும் பார்த்துச் சரக்கை அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

ராணுவக் கிடங்குக்குள் நாம் எட்டிப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். அது தணிக்கைத் துறையின் வேலை, நாடாளுமன்றத்தின் வேலை. சிவில் குடோன் நம் வேலை. அபாயகரமான ரசாயனங்கள் குறித்த 1989 விதிகள், பெரும் விபத்துக்கு வாய்ப்புள்ள இடங்களைச் சுற்றி வாழ்பவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கின்றன. ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்று மாவட்ட அளவில் அவசரத் திட்டம் இருக்க வேண்டும் என்கின்றன. மணலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு 37 கன்டெய்னர் பற்றித் தெரிந்தது பெய்ரூட்டுக்குப் பிறகு, டிவியில்.

எனவே இந்த வாரம் இரண்டு தகவல் உரிமை மனு போடுங்கள். ஒன்று திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு: பூந்தமல்லி, ஆவடி தாலுகாக்களில் பெரும் விபத்து அபாயமுள்ள இடங்கள் எவை, அவசரத் திட்டம் கடைசியாக எப்போது ஒத்திகை பார்க்கப்பட்டது? இன்னொன்று ராஜாஜி சாலை சுங்க மாளிகைக்கு: பறிமுதல் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் யார்டுகளில் கிடக்கும் அபாயகரமான சரக்கு எவ்வளவு, எங்கெங்கே? மனுவுக்குப் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.